கூண்டும் மூப்பும்

"சூழல்" என்ற சொல்லை நம் பத்திரிகைகள் புழங்குவதற்குக் கணக்கில்லை. இலக்கியச் சூழல் சரியில்லை என்று எழுதாத இதழ் அபூர்வம். அப்படி எழுதிவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதாக ஒரு நிம்மதி. சூழல் ஓர் உயிரின் மீது என்ன செய்கிறது, எவ்வளவு செய்கிறது, எந்த வயதுவரை செய்கிறது என்று நிறுத்துப் பார்த்தவர்கள் வேறு துறையில் இருந்தார்கள். அவர்களுடைய தராசு நிஜமான தராசு. அதில் ஏறியவை எலிகளின் மூளைகள். அந்த வரலாறு கிழடுதட்டிப்போன மூளைவரை எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன்.

முதுமையில் மூளை தேயும், தேய்ந்தது தேய்ந்ததுதான் என்பது பழைய நம்பிக்கை. அதற்கு விஞ்ஞானத்தின் முத்திரை குத்தியவர் ஸ்பானிய உடற்கூற்று அறிஞர் ஸாந்தியாகோ ராமோன் இ கஹால். நரம்பு மண்டலம் ஒரே வலையாகப் பின்னியதல்ல, தனித்தனி அணுக்களால் ஆனது என்று காட்டி 1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். வளர்ந்த மூளையில் நரம்புப் பாதைகள் முடிந்துபோனவை, மாறாதவை. அங்கே எதுவும் சாகலாம், எதுவும் மீண்டும் முளைக்காது என்ற தீர்ப்பை 1913-14இல் வெளிவந்த பெரிய நூலில் எழுதினார். முடிந்தால் இந்தத் தீர்ப்பை வருங்கால விஞ்ஞானம் மாற்றட்டும் என்றும் கூடவே எழுதினார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மனப்பாடம் செய்துகொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள். பெரியவர்களின் வாக்கியங்களுக்கு வழக்கமாக நேரும் கதிதான். இதே கஹால் 1894இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் பேசியபோது, மூளைக்கு ஓயாமல் வேலை கொடுத்தால் அணுக்களின் கிளைகள் பெருகக்கூடும் என்று சொல்லியிருந்தார். பெருமூளையைத் தோட்டமாகவும் அதன் அணுக்களை மரங்களாகவும் கண்ட மனிதர் அவர். தோட்டத்தைக் கண்டவரிடமிருந்து கல்வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டது அடுத்த இரண்டு தலைமுறை.

கஹாலுக்கு முன்பே சந்தேகித்தவர்கள் உண்டு. 1780களில் இத்தாலியில் மலகார்னே என்ற உடற்கூற்று நிபுணர் ஒரே ஈற்று நாய்களையும் ஒரே கூட்டுப் பறவைகளையும் ஜோடி ஜோடியாக எடுத்து, ஒன்றைப் பழக்கி மற்றதைச் சும்மா விட்டு, பின்னர் மூளையை அறுத்துப் பார்த்தார். பழகியவற்றின் சிறுமூளையில் மடிப்புகள் அதிகம் என்றார். 1868இல் டார்வின் வீட்டு முயலின் மண்டையோட்டைக் காட்டு முயலினுடையதோடு ஒப்பிட்டு, தலைமுறை தலைமுறையாக அடைத்து வைக்கப்பட்டதில் வீட்டு முயலின் மூளை சிறுத்துவிட்டது என்று எழுதினார். இவை ஓரக் குறிப்புகளாகவே கிடந்தன. அணுவைப் பார்க்கக் கருவி கிடைத்த காலத்தில், மாறும் என்பதைவிட மாறாது என்பதே கறாரான விஞ்ஞானமாகத் தோன்றியது போலும்.

கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்து மனோதத்துவப் பேராசிரியர் டொனால்ட் ஹெப் ஆராய்ச்சிசாலை எலிகள் சிலவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவருடைய பெண்குழந்தைகள் அவற்றை வளர்த்தார்கள். எலிகள் வீட்டுக்குள் ஓடித் திரிந்தன. பிறகு அவற்றைப் புதிர்வழிகளில் விட்டுப் பார்த்தபோது, கூண்டிலேயே வளர்ந்த எலிகளைவிடத் திறமையாக வழி கண்டுபிடித்தன. 1947இல் இதைச் சிறு குறிப்பாக வெளியிட்டார். 1949இல் வந்த அவருடைய முக்கியமான நூலிலும் சேர்த்தார். எலிகள் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டன, சரி. மூளையில் என்ன நடந்தது? அதை ஹெப் பார்க்கவில்லை.

பார்த்தது பெர்க்லி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1950களில் நால்வர் சேர்ந்தார்கள். மனோதத்துவக்காரர்கள் டேவிட் கிரெச், மார்க் ரோஸன்ஸ்வைக். ரசாயனக்காரர் எட்வர்ட் பென்னட். சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த உடற்கூற்றுக்காரர் மரியன் டயமண்ட். கிரெச் தனியாக எழுதத் தகுந்த ஆள். ரஷ்யப் பேரரசின் லிதுவேனியப் பகுதியில் பிறந்து, கிரெச்செவ்ஸ்கி என்ற பெயரைக் குறுக்கிக்கொண்ட யூதர். மனோதத்துவம் சமூகப் பிரச்னைகளில் தலையிட வேண்டும் என்று 1936இல் சங்கம் அமைத்தவர்களில் முதன்மையானவர். மனிதன் பிறப்பால் தீர்மானமாகிவிடுகிறான் என்ற பேச்சு அவருக்குச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய பேச்சாக இருந்திருக்காது.

அவர்களுடைய முறை எளிமையானது. ஒரே ஈற்று எலிக்குட்டிகள். பால் மறந்த 25ஆம் நாளில் பிரிக்கப்படும். சில, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெரிய கூண்டில் - ஏணி, சக்கரம், மரத்துண்டுகள், நாள்தோறும் மாற்றப்படும் விளையாட்டுச் சாமான்கள். சில, வழக்கமான கூண்டில் மூன்று மூன்றாக. மீதி, தனியாக ஒவ்வொரு கூண்டில். மூவகைக்கும் தின்னக் குடிக்கக் குறைவில்லை. எண்பது நாள் கழித்து மூளையைப் பார்ப்பார்கள், எந்த மூளை எந்தக் கூண்டிலிருந்து வந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியாதபடி.

அவர்கள் தேடியது ஒரு நொதியின் அளவு. கண்டது வேறு. நொதியைத் திசுவின் எடைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. எடை மாறாத ஒன்று என்ற நினைப்பில் வகுத்தார்கள். வகுக்கும் எண்ணே மாறிக்கொண்டிருந்தது என்பது பிறகு தெரிந்தது. பெரிய கூண்டில் கூட்டமாக வாழ்ந்த எலிகளின் பெருமூளைப் புறணி, தனிக் கூண்டு எலிகளின் புறணியைவிடச் சராசரியில் நான்கைந்து சதவிகிதம் கனத்தது. டயமண்ட் திசுவைச் சீவிக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் தடிமனை அளந்தார். புறணி தடித்திருந்தது. 1964இல் அது அச்சேறியது. அடுத்த ஆண்டு உடற்கூற்று நிபுணர்களின் மாநாட்டில் இதைப் படித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, மூளையாவது மாறுவதாவது என்று அந்த இளம் பெண்ணை அதட்டினாராம். டயமண்ட் இதைக் கடைசிவரை சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார்.

நான்கு சதவிகிதம் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மாறாது என்ற தீர்ப்பைக் கவிழ்க்க ஒரு சதவிகிதம் போதும். 1970களில் வில்லியம் கிரீனோ அணுக்களின் கிளைகளையே எண்ணத் தொடங்கினார். செறிவான சூழலில் கிளைகள் நீண்டிருந்தன, அணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்கள் கூடியிருந்தன. கஹாலின் தோட்டம் திரும்பி வந்தது.

இங்கே பெர்க்லிக்காரர்கள் செய்த இரண்டு சோதனைகளைச் சொல்லாமல் போகக்கூடாது. மற்றவை மறந்தாலும் இவை மறக்கத் தகாதவை.

முதலாவது, 1975இல் வந்தது. பெரிய கூண்டுக்குள்ளேயே சிறிய கம்பிக்கூண்டு வைத்து, அதற்குள் ஓர் எலியை விட்டார்கள். பன்னிரண்டு எலிகளின் ஆட்டபாட்டம் முழுவதும் அதன் கண்முன் நடக்கும், சத்தம் கேட்கும், வாசனை வரும். ஏணியைத் தொட மட்டும் அதற்கு வழியில்லை. இப்படிப் பார்வையாளனாகவே இருந்த எலியின் மூளை, தனிக் கூண்டு எலியின் மூளையைப் போலவே இருந்தது. வேடிக்கை பார்த்தது எடையில் ஏறவில்லை. கூடத்து மூலையில் நாற்காலி போட்டு டெலிவிஷன் முன்னால் பெரியவரை உட்காரவைத்துவிட்டு, அவருக்குப் பொழுதுபோகிறது என்று சொல்லிக்கொள்ளும் வீடுகள் எந்தத் தேசத்திலும் உண்டு. வீட்டில் இத்தனை பேர் இருக்கிறோமே, அவர் தனியாகவா இருக்கிறார் என்றும் கேட்பார்கள். கம்பிக்கூண்டு எலியைச் சுற்றியும் பன்னிரண்டு எலிகள் இருந்தன.

இரண்டாவது, பெர்க்லியின் கள நிலையத்தில் நடந்தது. முப்பதடிக்கு முப்பதடி திறந்தவெளி அடைப்பில், கான்கிரீட் தரை மேல் மண்ணைக் கொட்டி எலிகளை விட்டார்கள். மழை பெய்து மண் இளகியதும் எலிகள் வளை தோண்ட ஆரம்பித்தன. நூறு தலைமுறைக்கு மேல் அவற்றின் வம்சத்தில் எந்த எலியும் வளை தோண்டியதில்லை. இந்த எலிகளின் மூளை, பொம்மைகள் நிறைந்த கூண்டு எலிகளின் மூளையையும் மிஞ்சியது. ஆகவே "செறிவான சூழல்" என்று ஆராய்ச்சிசாலை பெயர் வைத்தது ஒரு மண்தரைக்குக்கூட ஈடில்லை. கூண்டை வைத்து அளந்ததால்தான் பொம்மை செறிவாகத் தெரிந்தது. செறிவான சூழல் மூளையை வளர்க்கிறது என்று எல்லோரும் படித்தார்கள். வழக்கமான கூண்டு மூளையைக் குறுக்குகிறது என்று அதே எண்களைத் திருப்பிப் படித்தவர்கள் சிலரே. என் வாசிப்பு இரண்டாவது.

இந்தக் கண்டுபிடிப்பை முதலில் எடுத்துக்கொண்டு போனவர்கள் குழந்தைகளைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் திட்டம் 1965இல் தொடங்கியது. அறிவு பிறப்பாலா வளர்ப்பாலா என்ற சண்டை சூடேறியிருந்த வேளை. கிழ எலிகளை யார் கேட்டார்கள்? டயமண்ட் கேட்டார். எலிகள் அறுநூறு நாளுக்குமேல் தங்காமல் செத்துக்கொண்டிருந்தன. கூண்டைச் சுத்தம் செய்யும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மார்போடு சற்று அணைத்துவைத்துக்கொள்ளத் தொடங்கிய பிறகு ஆயுள் நீண்டது என்பார் அவர். அப்படி வாழ்ந்த எலிகளை 766ஆம் நாளில், எலிக்கணக்கில் தள்ளாத வயதில், முதன்முறையாகச் செறிவான கூண்டுக்கு மாற்றினார். 904ஆம் நாளில் பார்த்தபோது அவற்றின் புறணியும் தடித்திருந்தது. 1985இல் வெளிவந்த இந்தக் கட்டுரையைவிட, ஐன்ஸ்டைன் மூளைத் துண்டுகளை ஆராய்ந்து அதே ஆண்டு அவர் எழுதிய கட்டுரைக்குத்தான் விளம்பரம் கிடைத்தது. மேதையின் மூளையில் எல்லோருக்கும் அக்கறை. கிழட்டு எலியினுடையது கேட்பாரற்றது. எனக்கு 904 நாள் எலிதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

கிளைகள் பெருகுவது ஒன்று, புதிய அணுவே பிறப்பது இன்னொன்று. பிறக்காது என்ற பாதி மட்டும் கஹால் சொன்னபடியே இன்னும் நின்றது. 1962இல் எம்.ஐ.டி.யில் ஜோஸஃப் ஆல்ட்மன், வளர்ந்த எலிகளின் மூளையில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதற்கான தடயங்களைக் காட்டினார். 1965இல் கோபால் தாஸுடன் சேர்ந்து இன்னும் விரிவாகவே எழுதினார். யாரும் மறுத்து நிரூபிக்கவில்லை. கவனிக்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். சிறுபத்திரிகை வாசகருக்கு இந்த வகை மௌனத்தை விளக்க வேண்டியதில்லை. முப்பது ஆண்டுக்குமேல் கழித்து, 1997இல் ஃப்ரெட் கேஜின் குழு, செறிவான சூழலில் வாழ்ந்த சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் - ஞாபகம் பதிவதற்கு இன்றியமையாத பகுதி அது - புதிய அணுக்கள் அதிகம் தங்குகின்றன என்று காட்டியது. அடுத்த ஆண்டே கிழச் சுண்டெலிகளிலும் அதைக் காட்டியது. 1998இல் மனித மூளையிலும் கண்டதாக அறிவித்தார்கள். புற்றுநோய்ச் சிகிச்சையின்போது அணுப் பிரிவைக் காட்டும் சாயம் செலுத்தப்பட்டு, பின்னர் இறந்தவர்களின் மூளைகள் அவை. 2018இல் ஒரு குழு, வளர்ந்த மனிதர்களிடம் இது கண்ணுக்கே படவில்லை என்றது. அடுத்த மாதமே மற்றொரு குழு, எழுபது வயதுக்கு மேலும் தொடர்கிறது என்றது. வழக்கு முடியவில்லை. முடியாமலிருப்பது பற்றி எனக்கு வருத்தமில்லை. எலியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவலில் போய்விடுகிற கட்டுரைகளைப் படித்து அலுத்தவன் நான்.

மனிதனை இரண்டு கூண்டில் வைத்து வளர்க்க முடியாது. அதனால் மனிதரைப் பற்றிய சாட்சியம் எல்லாம் வாழ்ந்து முடிந்தபின் திரும்பிப் பார்த்துச் சேர்த்தது. 1988இல் ராபர்ட் காட்ஸ்மனும் கூட்டாளிகளும் முதியோர் இல்லத்தில் இறந்த 137 பேரின் மூளைகளை ஆராய்ந்தபோது ஒரு விசித்திரம் கிடைத்தது. பத்துப் பேரின் மூளையில் ஆல்ஸைமர் நோயின் அடையாளங்கள் ஏராளம். ஆனால் இருந்த காலத்தில் அவர்கள் புத்தி தெளிவாக நடமாடியவர்கள். மூளை சேதமாவதும் மனிதன் சேதமாவதும் ஒன்றல்ல போலிருக்கிறது. இந்த இடைவெளிக்குச் சேமிப்பு என்று பெயர் வைத்தார்கள். வாழ்நாளில் சேர்த்த ஏதோ ஒன்று, நஷ்டம் வரும்போது செலவுக்கு நிற்கிறது என்ற பொருளில். வங்கிக் கணக்கு மாதிரியான உவமை. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு நல்லது அகப்படவில்லை.

எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆராய்ச்சி 1986இல் தொடங்கியது. டேவிட் ஸ்னோடன் என்பவர் அமெரிக்கக் கத்தோலிக்கக் கன்னியர் சபை ஒன்றில், 75 வயது தாண்டிய 678 சகோதரிகளை ஆண்டுதோறும் சோதித்தார். இறந்தபின் மூளையைத் தருவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஒரே உணவு, ஒரே கூரை, ஒரே ஒழுங்கு. எலிக்கூண்டுக்கு மனித வாழ்வில் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய உவமானம். சபையின் காப்பகத்தில் அவர்கள் இளம்பெண்களாகச் சேர்ந்தபோது கைப்பட எழுதிய சுயசரிதைக் குறிப்புகள் இருந்தன. 93 பேருடைய குறிப்புகளை எடுத்து, பத்துச் சொற்களுக்குள் எத்தனை கருத்துகள் செறிந்திருக்கின்றன என்று எண்ணினார்கள். இருபத்திரண்டு வயதில் வெறும் விவரங்களாக எழுதியவர்கள், ஒரு வாக்கியத்துக்குள் பல எண்ணங்களைக் கோத்தவர்களைவிட, அறுபது ஆண்டு கழித்து மறதி நோய்க்கு அதிகம் ஆளாகியிருந்தார்கள். 1996இல் வந்த முடிவு இது.

இதைக் கேட்டதும் எழுத்தாளனுக்கு ஒரு கர்வம் வரும். அடக்கிக்கொள்வது நல்லது. செறிந்த வாக்கியம் மூளையைக் காத்ததா, அல்லது ஏற்கெனவே உறுதியாக இருந்த மூளைதான் செறிந்த வாக்கியத்தை எழுதியதா? அந்த ஆராய்ச்சி இதற்குப் பதில் சொல்லவில்லை. 2003இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 75 தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்து ஜோ வர்கீஸ் குழு வெளியிட்ட முடிவிலும் இதே முடிச்சு உண்டு. வாசிப்பவர்கள், பலகை ஆட்டம் ஆடுபவர்கள், வாத்தியம் வாசிப்பவர்கள், நடனமாடுபவர்கள் ஆகியோருக்கு மறதி நோய் குறைவாக வந்தது. நோய் உள்ளே தொடங்கிவிட்டதால்தான் மற்றவர்கள் புத்தகத்தை மூடிவைத்தார்களோ என்னவோ. ஸ்னோடனின் சகோதரிகளில் ஒருவர் 84 வயதுவரை பள்ளியில் சொல்லிக்கொடுத்து 101 வயதில் இறந்தார். கடைசிவரை சோதனைகளில் நல்ல மதிப்பெண். திறந்து பார்த்தால் மூளை நிறைய நோயின் சிக்கல்கள். அவர் எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

படிப்பும் எழுத்தும்தான் சூழல் என்று நினைப்பவர்களுக்கு ஹைதராபாத் ஒரு பதில் வைத்திருக்கிறது. நிஜாம் மருத்துவ நிலையத்தில் சுவர்ணா அல்லாடியும் சகாக்களும் மறதி நோயுற்ற 648 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிட, இரண்டு அல்லது அதற்குமேல் பேசியவர்களுக்கு நோய் நான்கரை ஆண்டுகள் பிந்தி வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தக்கனி, வேலை செய்யும் இடத்தில் இன்னொன்று என்று நாளைக்கு நூறு தடவை நாக்கைத் திருப்பிக்கொள்ளும் நகரம் அது. அந்த நகரத்தின் தெருவே ஏணியும் சக்கரமும்.

இதற்குள் சந்தையும் வந்துவிட்டது. மூளைப் பயிற்சி விளையாட்டுகளை விற்ற லூமாஸிட்டியின் நிறுவனம், வயதின் மறதியைத் தள்ளிப்போடும் என்று ஆதாரமின்றி விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்க வணிக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. 65 தாண்டிய 2,832 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின் முதல் முடிவு 2002இலேயே வந்திருந்தது: எதைப் பழக்கினார்களோ அதில் தேர்ச்சி ஏறியது; அன்றாட வாழ்வுக்கு அது தாவியதாகத் தெரியவில்லை. பொம்மையைக் கூண்டிலிருந்து பிரித்து எடுத்தால் அது பொம்மைதான்.

கனெக்டிகட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கரும் ஜூடித் ரோடினும் 1976இல் செய்தது இதைவிட எளிமை. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எப்போது சினிமா பார்ப்பது எல்லாம் உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு செடி கொடுத்து நீரூற்றச் சொன்னார்கள். மற்ற மாடியிலும் செடி கொடுத்தார்கள். நர்ஸ்கள் ஊற்றுவார்கள் என்றார்கள். ஒன்றரை ஆண்டு கழித்து முதல் மாடியில் 47 பேரில் 7 பேரும், இரண்டாவதில் 44 பேரில் 13 பேரும் இறந்திருந்தார்கள். முதலில் கணக்கிட்ட அளவுக்கு இந்த வித்தியாசம் உறுதியானதல்ல என்று பிறகு திருத்தமும் போட்டார்கள். ஆகவே செடி உயிரைக் காத்தது என்று நான் எழுதப்போவதில்லை. இரு மாடியிலும் செடி ஒன்றுதான், சூழல் வேறு என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். 1975ஆம் ஆண்டு எலி கம்பிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்ததும் இந்த வித்தியாசத்தைத்தான்.

இந்த வரலாற்றை எழுதியவர்களும் கிழவர்களானார்கள். காப்பிக்கடைப் பேச்சுகளையே ஒரு புத்தகமாக்கிய கஹால், எண்பது வயதில் உலகம் எப்படித் தெரிகிறது என்று கடைசிப் புத்தகத்தை எழுதினார். 1934இல் அது வெளிவந்தது. அந்த ஆண்டே இறந்தார். வளர்ந்த மூளை மாறாது என்று தீர்ப்பெழுதியவர், தன் மூளை மாறுவதை வரிவரியாகக் குறித்துவைத்துப் போனார். டயமண்ட், பூப்போட்ட தொப்பிப் பெட்டியில் மனித மூளையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்தார், 2014இல் ஓய்வு பெறும்வரை. அப்போது அவருக்கு 87 வயது.

ஹெப் 1978இல் தனக்கு வயதாவதைத் தானே கவனிப்பது பற்றி எழுதினார். நாற்பதுகளில் ஒருமுறை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தபோது, இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறார். ஓரத்தில் பென்சில் குறிப்பு ஏற்கெனவே இருந்தது, அவருடைய கையெழுத்தில். எலிகளை வீட்டுக்குக் கொண்டுபோன மனிதர் இதைப் பற்றி எழுதும்போது தத்துவம் பேசவில்லை.

ஸ்கின்னருக்கு மூளைக்குள் எட்டிப்பார்ப்பதில் நம்பிக்கையே கிடையாது. எல்லாம் சூழல்தான் என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்டவர். 1983இல் முதுமையில் அறிவு வேலை செய்வதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறதியைத் திட்டுவதில் பயனில்லை, அறையை மாற்றி அமை என்பது அவர் கட்சி. மழை வரும் என்று வானொலி சொன்னால் குடையை ஞாபகம் வைத்துக்கொள்ள முயலாதே. அந்த நிமிஷமே எழுந்துபோய், வெளியே போகும் கதவின் பிடியில் மாட்டிவிட்டு வந்து உட்கார்.